தேறலும் தேர்வும்

மதுவைப் பற்றிப் பேச வகுப்பறை தயங்கும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தயங்கவில்லை. அரிசிக்கூழை அகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளையை இடித்துக் கலந்து, இரு பகலும் இரு இரவும் கழித்துச் சாடியில் முதிரவிடும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை வரிசை பிறழாமல் உரைக்கிறது. தானியத்தை முளைகட்டி நொதிக்க வைக்கும் இம்முறையே பியர்த் தொழிலுக்கும் அடிப்படை.

சிங்கப்பூரில் 1931இல் மலாயன் புருவரீஸ் தோன்றியது. மறு ஆண்டே டைகர் பியர் வெளிவந்தது. 1990இல் ஆலை துவாசுக்குப் பெயர்ந்தது. 2006இல் ஆர்க்கிபெலகோ என்னும் பழம்பெயரைப் புதுப்பித்து, இவ்வட்டார நறுமணப் பொருள்களைச் சேர்த்துச் சிறிய அளவிலும் காய்ச்சலாயினர்.

அம்பர் லாகர் என்னும் செம்பொன் நிற வகை 1841இல் வியன்னாவுக்கு அருகில் அந்தோன் திரேகர் கண்டது. சற்றே மிகுதியாகச் சூடேற்றி உலர்த்திய பார்லி முளைதான் அந்நிறத்தையும் ரொட்டிமேலோட்டின் மணத்தையும் தருகிறது. மதிப்பிடுவோர் நிறம், நுரை, மணம், முதல் மிடறு, விழுங்கியபின் நிற்கும் கைப்பு எனப் படிப்படியாகச் செல்வர். துவாஸ் வெயிலில் உறைகுளிராகக் கேட்பது இயல்பே. ஆயின் அக்குளிர் நாவை மரக்கச் செய்யும். முளையின் இனிமை தோன்றாது. அவ்வாறு பருகி ஐந்துக்கு மூன்று இட்டால், அதில் பாதி பனிக்கட்டிக்கு உரியது.

கைப்பு, துவர்ப்பு, கார்ப்பு எனப் பிரித்துணர்ந்த மொழியினர் இக்குறிப்புகளை ஆங்கிலத்திலேயே எழுதுகின்றனர். சொல்லோ கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. ‘லாகர்’ என்னும் செருமானியச் சொல் கிடங்கில் இருத்தலைக் குறிக்கும். குளிரில் வாரக்கணக்கில் கிடந்து தெளிவதால் வந்த பெயர். தெளிந்த மதுவுக்குச் சங்கத் தமிழர் இட்ட பெயர் தேறல்.