என்ன நிறப் பட்டு?

மதுரை நிறங்களின் நகரம். கோபுரத்துச் சுதைப் பாவைகள் ஒருபுறம். மாலை வெயிலில் செம்மை பூக்கும் யானைமலை ஒருபுறம். சோழவந்தான் வரை விரிந்து கிடக்கும் நெல் வயல்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் ஒருபுறம். இத்தனை நிறங்களைக் கண்டு பழகிய மக்கள், ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு நிறத்தை அறிவதற்காக விடியுமுன் எழுந்து வைகைக் கரையில் கூடுகின்றனர். சித்திரை முழுநிலா நாளில் அழகர் தங்கக் குதிரைமீது அமர்ந்து ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்பதே அவர்கள் அறிய விழைவது. பச்சைப் பட்டாயின் அவ்வாண்டு மழை பொழியும், வயல் விளையும் என்பது உழவர் நம்பிக்கை.

என் அப்பத்தா உழவர் குடியில் பிறந்து, உழவர் குடியில் வாழ்க்கைப்பட்டவர். இளமையில் கூண்டு வண்டியில் வந்து, ஆற்று மணலில் இரவைக் கழித்து, அழகரைக் கண்டு மகிழ்ந்தவர். முதுமையில் அவருடைய முழங்கால்கள் அதற்கு இடம் தரவில்லை. திருவிழா முடிந்து நான் ஊருக்குத் திரும்பும்போது திண்ணையில் அமர்ந்திருப்பார். "அப்பு, என்ன பட்டு?" என்பதே அவர் கேட்கும் முதற்கேள்வி.

1990-களின் தொடக்கத்தில் நான் மதுரையில் கல்லூரி மாணவனாக இருந்தேன். என் மாமா தம்முடைய பழைய காமிராவை எனக்குக் கொடுத்திருந்தார். அந்த ஆண்டு அப்பத்தாவுக்குச் சொல்லால் விடை கூறாமல் படத்தால் விடை கூறுவது என்று முடிவு செய்தேன். நிறத்தைக் கேட்பவருக்குக் கறுப்பு வெள்ளைப் படம் பயன்படாது. வண்ணப் படச்சுருள் வேண்டும். என் கையிலோ பணம் குறைவு.

கடைவீதியில் கோடாக், பியூஜி, கோனிகா என்னும் பெயர்கள் தாங்கிய வண்ணப் பெட்டிகள் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு சிறு கடையில் மட்டும் ஒரு சுருளைப் பாதி விலைக்குத் தந்தனர். அதன் பெட்டியில் அச்சிட்டிருந்த காலவரை கடந்திருந்தது. வெயில் விழும் கண்ணாடிப் பேழையில் அது பன்னாள் கிடந்திருக்க வேண்டும். பெட்டியின் நிறமே வெளுத்திருந்தது. 'படம் எடுக்கப்போவது சுருள்தானே, பெட்டி அன்றே' என்று எண்ணி வாங்கிவிட்டேன்.

அழகர் ஆற்றில் இறங்கினார். பச்சைப் பட்டு! மக்கள் எழுப்பிய ஆரவாரத்தில் பாலமே அதிர்வதுபோல் இருந்தது. நான் ஐந்து படங்கள் எடுத்தேன். அச்சிட்டு வந்த படங்களைக் கண்டபோது என் நெஞ்சு சுருங்கியது. குதிரை நிழலுருவாக நின்றது. பட்டு சேற்று நிறமாகத் தெரிந்தது. அப்பத்தா படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ன நிறம், அப்பு?"

"பச்சைதான் அப்பத்தா. என் கண்ணாலே பார்த்தேன்."

"நீ பார்த்துவிட்டாய், இந்தப் படம் பார்க்கவில்லையே!" என்றார் அவர். அவர் குரலில் சினம் இல்லை. ஆயினும் அச்சொல் என் உள்ளத்தில் தைத்தது.

நகரில் நிழற்படக்கூடம் நடத்திய முதியவர் ஒருவரிடம் அப்படங்களைக் கொண்டு சென்றேன். அவர் அவற்றைப் பார்த்துவிட்டு, "சுருள்மீது பாதிக் குற்றம், உம்மீது பாதிக் குற்றம்" என்றார். பின்னர்ப் பொறுமையோடு விளக்கினார்.

வண்ணச் சுருளில் ஒளியை உணரும் அடுக்குகள் மூவகைப்படும். ஒன்று நீல ஒளியையும், ஒன்று பச்சை ஒளியையும், ஒன்று சிவப்பு ஒளியையும் ஏற்கும். முதுமையும் வெப்பமும் இவற்றை ஒரே அளவில் தாக்குவதில்லை. ஆதலால் நிறங்களின் சமன் குலைகிறது. மதுரையின் சித்திரை வெயிலில் வாடிய சுருள் பச்சையைப் பச்சையாகக் காட்டாததில் வியப்பில்லை. இது சுருளின் குற்றம்.

இனி என் குற்றம். ஒவ்வொரு பெட்டியின்மீதும் 100, 200, 400 என ஓர் எண் இருக்கும். அது சுருளின் வேகத்தைக் குறிப்பது. எண் இரட்டித்தால் ஒளியுணர்வும் இரட்டிக்கும். 100 எண்ணுள்ள சுருளில் படத்தின் மணிகள் நுண்ணியவை. படம் தெளிவாக இருக்கும். ஆனால் அதற்கு ஒளி மிகுதியாக வேண்டும். நல்ல வெயிலில் காமிராவின் துளையை 16 என்ற எண்ணில் நிறுத்தி, சுருளின் எண்ணையே நொடியின் பின்னமாகக் கொள்ளலாம். 100 எண் சுருளாயின் நொடியில் நூற்றில் ஒரு பங்கு. 200 எண் சுருளாயின் இருநூற்றில் ஒரு பங்கு. இது நடுப்பகலுக்கு உரிய கணக்கு. அழகர் ஆற்றில் இறங்குவதோ விடியற்காலை. நான் கொண்டு சென்றது 100 எண் சுருள். பகலவன் முழுதும் எழாத பொழுதில் அதற்குப் போதிய ஒளி கிட்டவில்லை.

"வண்ணச் சுருள் ஒளி சற்று மிகுந்தால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. ஐயம் வந்தால் ஒளியைக் கூட்டிக் கொடும்" என்றார் முதியவர்.

மலிவைப் பற்றியும் அவர் ஒரு பாடம் சொன்னார். சுருளை வாங்கும் விலை ஒன்று. அதைக் கழுவும் கூலி ஒன்று. 36 படங்களையும் அச்சிடும் கூலி ஒன்று. முதலாவதில் சில ரூபாய் மிச்சம் பிடித்து மற்ற இரண்டையும் நான் ஆற்றில் போட்டிருந்தேன். போன விடியலை எந்தக் கூலி கொடுத்தாலும் திரும்பப் பெற இயலாது.

அடுத்த ஆண்டு சித்திரைக்கு முன்பே சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிப் பணம் சேர்த்தேன். 400 எண் சுருள் விடியலுக்கு ஏற்றது. ஆனால் விலை மிகுதி. 100 எண் சுருள் என்னை ஒருமுறை கைவிட்டது. ஆகவே 200 எண் சுருளைத் தேர்ந்தேன். காலவரை நெடுநாள் இருப்பதைப் பார்த்தேன். வெயில் படாத உள்ளலமாரியிலிருந்து எடுத்துத் தரச் சொன்னேன். திருவிழாவரை அதை மூடிய டப்பியிலேயே வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்திருந்தேன்.

அன்று காமிராவைக் கண்ணாடித்தாள் உறையால் சுற்றிக்கொண்டேன். தோற்பையிலிருந்து அழகர்மீது தண்ணீர் பீய்ச்சும் அடியார்கள் காமிராவுக்கு விலக்கு அளிப்பதில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றி, மூச்சை அடக்கி, ஆறே படங்கள் எடுத்தேன். அழகர் அம்முறையும் பச்சையே உடுத்தியிருந்தார். எஞ்சிய படங்களில் வயலுக்கும் யானைமலைக்கும் தெப்பக்குளத்துக்கும் பங்கு வைத்தேன். ஒவ்வொரு படமும் செலவு என்பதால், ஒவ்வொன்றுக்கு முன்பும் நின்று பார்க்கக் கற்றேன்.

அனைத்தையும் அச்சிடப் பணம் இல்லை. எவற்றை அச்சிடலாம் என்று தேர்ந்தெடுப்பதற்காகக் கழுவிய சுருளை மட்டும் ஊருக்குக் கொண்டு சென்றேன். அப்பத்தா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் வாடியது.

"சிவப்பா, அப்பு?"

எதிர்ப்படத்தில் நிறங்கள் மாறித் தோன்றும். பச்சை இருந்த இடத்தில் செவ்வூதா நிற்கும். அதன்மேல் ஆரஞ்சுச் சாயலும் படர்ந்திருக்கும். இதனை அவருக்கு எவ்வாறு விளக்குவது? "இது விதை, அப்பத்தா. அச்சிட்டால்தான் பயிரின் நிறம் தெரியும்" என்றேன். அவர் சிரித்தார். விதையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்கு நாள் கழித்துப் பயிரைக் கொண்டு சென்றேன். தங்கக் குதிரையின்மேல், இளவெயிலில், நாற்றங்கால்போல் பசுமையாக விளங்கியது பட்டு. அப்பத்தா அதைத் தடவிப் பார்த்தார். பிறகு விதைநெற் பானைக்கு மேலே சுவரில் ஒட்டி வைக்கச் சொன்னார். அவ்வாண்டு மழை எவ்வளவு பெய்தது என்பது எனக்கு இன்று நினைவில்லை. அவர் முகம் மலர்ந்தது நினைவிருக்கிறது. அடுத்த சித்திரையைக் காண அவர் இல்லை.

காலம் மாறிவிட்டது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்று, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைச் செய்துவந்த அரசுத் தொழிற்சாலை இன்று இல்லை. கோனிகா மினோல்டா நிறுவனம் நிழற்படத் தொழிலை விட்டு விலகுவதாக 2006-இல் அறிவித்தது. சுருள் செய்வோர் இன்று உலகில் மிகச் சிலரே. அதன் விலையும் ஏறிவிட்டது. உங்கள் வீட்டுக் கைப்பேசி ஒரே காலையில் ஆயிரம் படம் எடுக்கும்; அதற்குக் கழுவும் கூலி இல்லை.

ஆயினும், மாணவர்களே, எதையேனும் வாங்கும்போதும் எதையேனும் படம் எடுக்கும்போதும் அந்த முதியவரின் பாடம் எனக்கு நினைவு வருகிறது. விலை குறைந்தது எது என்று கேட்குமுன், எந்த ஒளியில், எதற்காக, யாருக்காக என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இக்கேள்விகளுக்கு விடை தெரிந்தவனே சிக்கனமாக வாங்கத் தெரிந்தவன். திண்ணையில் ஒருவர் நம் விடைக்காகக் காத்திருக்கக்கூடும்.