கொல்லிமலை ஜீப்புக்கு விண்டர் டயரா, மழை டயரா?

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கொல்லிமலைக்காரர்கள் இந்தப் பாதையில் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். செம்மேடு பக்கம் மிளகும் காபியும் போட்டிருக்கும் அந்த விவசாயியிடம் இருப்பது பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். மூட்டை இறக்குவது மட்டுமல்ல, அக்கம்பக்கத்தில் யாருக்காவது ராத்திரியில் உடம்புக்கு முடியவில்லை என்றாலும் நாமக்கல்லுக்குக் கிளம்புவது அந்த வண்டிதான்.

மழைக்கு முன்பே டயர் மாற்ற நினைத்தார். கனடாவின் மான்ட்ரியலில் வேலை பார்க்கும் மகன் போனில் ஒரு யோசனை சொன்னார்: "விண்டர் டயர் போட்டுருங்கப்பா. இங்க அது இல்லாம வண்டியே எடுக்க முடியாது."

மகன் சொன்னது அந்த ஊருக்குச் சரி. மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். கடும் குளிரில் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப்போகும், ரோட்டைப் பிடிக்காது. விண்டர் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயும் இளக்கமாகவே இருக்கும். நம் வெயிலில் அதே ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும். பிரேக் போட்டாலும் வண்டி கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் நிற்கும்.

"நம்மூர்ல பனிக்கட்டி எங்க கண்ணு கெடக்குது? மழையில புடிக்கிற டயர்தான் வேணும்" என்றார் அப்பா.

டயர் கடையில் பெரிய பெரிய பட்டன் வைத்த மட் டயரைக் காட்டினார்கள். சேற்றில் நன்றாக இழுக்கும், பார்க்கவும் கம்பீரம். ஆனால், பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. ஈரமான தார் ரோட்டில் பிடிமானம் குறையும். முழுக்க தார் ரோடு என்றால் ஹைவே டயரே போதும். இவருக்கு முக்கால்வாசி தார் ரோடு, கடைசியில் தோட்டத்து மண் பாதை. அதனால் இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஆல் டெரைன் டயரைத் தேர்ந்தெடுத்தார்.

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதானுங்களே, ரெண்டு டயர் மாத்துனா போதாதா? மிளகுக் காசு பூரா இதுக்கே போகணுமா?" என்றார் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால், ஃபோர் வீல் டிரைவ் உதவுவது வண்டி ஏறுவதற்கு. இறக்கத்தில் பிரேக் போடும்போது வண்டியை நிறுத்துவது டயரின் பிடிமானம். அதோடு, முன்னும் பின்னும் டயர் அளவு மாறினால் ஃபோர் வீல் போட்டதும் கியர் பாகங்களுக்குச் சேதம். "ராத்திரியில ஒரு பிள்ளைத்தாச்சிப் பொண்ணை வெச்சுக்கிட்டு எறங்குறப்ப வழுக்குனா என்ன பண்றது?" என்று அவர் கேட்டதும் மனைவி மறுபேச்சு பேசவில்லை. அகல டயர், அலாய் வீல் ஆசையை மட்டும் விட்டுவிட்டு, வண்டிக் கம்பெனி சொன்ன அளவிலேயே நாலும் வாங்கினார்.

வாங்குவதற்கு முன் டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பார்த்தார். 2324 என்றிருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். கடையில் வருஷக்கணக்கில் கிடந்த டயரை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்கும், ஆகாய கங்கை அருவிக்கும் குடும்பத்தோடு காரில் போகிறவர்களும் இதைக் கவனிக்கலாம். டயர் பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மிச்சம் 1.6 மி.மீ.தான். சட்டப்படி அதுவே கடைசி எல்லை. மழைக்காலத்தில் 3 மி.மீ. இருக்கும்போதே மாற்றுவது நல்லது. கிளம்பும் முன், டயர் சூடாவதற்குள் காற்றைச் சரிபாருங்கள். இறங்கும்போது நியூட்ரல் வேண்டாம். ஏறிய அதே கியரில் மெதுவாக இறங்குங்கள்.