நாகப்பட்டினத்துக்குள் வேளாங்கண்ணி

பயணம் போய்த் திரும்புகிறவர் எவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. வேளாங்கண்ணிக்குப் போய் வந்தவர் புட்டியில் எண்ணெயும் பொட்டலத்தில் பொரிகடலையும் கொண்டுவந்து, தெருவாருக்குப் பங்கிட்டுக்கொண்டே வழியில் கண்டவற்றைச் சொல்லுவார். பின்னர் புகைப்படக் கருவி நடுத்தர வீடுகளுக்குள்ளும் வந்தது. 36 படங்கள் எடுக்கக்கூடிய ஒரு சுருளை வாங்கி, எண்ணி எண்ணி எடுத்து, கழுவக் கொடுத்து, ஆல்பத்தில் செருகி, விருந்தினர் வந்தால் காப்பியோடு அதையும் நீட்டிய காலத்தை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். அந்த ஆல்பத்துக்குள் எவரும் வழிதவறியதில்லை. காட்டுகிறவர் பக்கத்திலேயே அமர்ந்திருப்பார், “இது யார்?” என்று நாம் கேட்பதற்குள் அவரே சொல்லிவிடுவார். சில வேளைகளில், கேட்காததையும் சேர்த்து.

அந்த ஆல்பத்தை இணையத்தில் வைக்கலாம் என்று சிலர் மிக முன்னதாகவே கண்டுகொண்டார்கள். ஃபிலிப் கிரீன்ஸ்பன் என்னும் அமெரிக்கர், 1993-ஆம் ஆண்டுக் கோடையில் வட அமெரிக்காவைச் சுற்றிவந்து, அப்பயணத்தை எழுத்தும் படமுமாக ‘டிராவல்ஸ் வித் சமந்தா’ என்னும் பெயரில் வெளியிட்டார். சமந்தா என்பது அவர் உடன் கொண்டுசென்ற மடிக்கணினியின் பெயர்! அடுத்த ஆண்டுகளில் ஜியோசிட்டீஸ் போன்ற நிறுவனங்கள் இலவசமாக இடம் கொடுக்க, உலகெங்கும் எளிய மனிதர்கள் தங்கள் சுற்றுலாப் படங்களை அங்கே குடியேற்றினார்கள். 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்த ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது, எத்தனையோ குடும்பங்களின் ஆல்பங்கள் அதனோடு போயின. தொண்டு நோக்கோடு சிலர் அள்ளிச் சேமித்தது போக எஞ்சியது கிடைக்கவில்லை.

ஆனால், மூடப்படாமல் திறந்தே இருக்கும் தளத்துக்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு. ஆல்பம் இருக்கிறது, பக்கத்தில் அமர்ந்து காட்டுகிறவர் இல்லை. கடந்த சில மாதங்களாக நம் ஞாயிறு மாலைகளை எடுத்துக்கொண்டிருப்பது இந்தச் சிக்கல்தான் என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத எண்ணுகிறோம்.

நம் நண்பர் ஒருவர் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். ரயிலில் போவதே அவருக்குப் பயணத்தின் நோக்கம். போய்ச் சேரும் ஊர் இரண்டாம் பட்சம். மனைவியையும் உடனழைத்துக்கொண்டு, தென்னகத்தின் கிளைப்பாதைகளிலெல்லாம் பாசஞ்சர் வண்டிகளில் அலைந்து படமெடுத்தார். ஓய்வு பெற்றபின், 2003-இல், தாமே கணினி கற்று ஒரு தளம் அமைத்தார். ஏறத்தாழ 3,100 படங்கள். சென்ற ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். தளத்தின் பெயருக்கும் இடத்துக்கும் ஆண்டுதோறும் கட்டவேண்டிய தொகைக்கான அறிவிப்பு வந்தபோது, கோவையில் வாழும் அவருடைய மகள் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். “மாமா, இதைத் தொடரணுமா, விட்டுடலாமா? எங்களுக்கு அதுக்குள்ளே போய் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலை. அப்பாவுக்கு மட்டுமே தெரிஞ்ச வீடு மாதிரி இருக்கு” என்றார்.

நியாயமான கேள்வி. எவருக்கும் வழி தெரியாத வீட்டுக்கு எத்தனை காலம் வரி கட்டுவது?

உள்ளே போய்ப் பார்த்தோம். முகப்பில் நான்கு வாசல்கள். ‘ஆண்டுகள்’, ‘பாதைகள்’, ‘நிலையங்கள்’, ‘காத்திருந்த இடங்கள்’. எளிதாகத் தோன்றிய ஆண்டுகளின் வழியே முதலில் நுழைந்தோம். 2004-ஆம் ஆண்டில், விழுப்புரம் நிலையத்தில் மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின் ஒன்று கரும்புகை கக்கிக்கொண்டு நின்றது! அந்தப் படத்தில் நண்பருக்குத் தலைமயிர் முழுவதும் கருப்பு. பிறகுதான் விளங்கியது. ஆண்டுப் பட்டியலை அவர் கையால் செய்யவில்லை. யாரோ கொடுத்த ஒரு மென்பொருள் செய்திருக்கிறது. இலக்கக் கருவியில் எடுக்கும் படத்துக்குள் நாள், நேரம் முதலியவை தாமாகவே பதிவாகிவிடும். பழைய பிலிம் படங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அவற்றை வருடி மூலம் கணினிக்குள் ஏற்றிய நாளையே அந்த மென்பொருள் பிறந்தநாளாகக் கொண்டுவிட்டது. ஆகவே 1980-களின் பயணங்கள் அனைத்தும் 2004-க்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. இலக்கப் படங்களும் முழு நம்பிக்கைக்கு உரியன அல்ல. மின்கலம் தீர்ந்து, கருவியின் கடிகாரம் பழைய நாளுக்குத் திரும்பிவிட்டால், ஆடி மாதத்துப் படமும் ஜனவரி முதல் நாளில் போய் நிற்கும்.

பாதைகளின் வாசலில் ஒரு ரயில் வரைபடம். நிலையத்தைக் குறிக்கும் புள்ளியைத் தொட்டால் அந்த ஊர்ப் படங்கள் திறக்கவேண்டும். மேசைக் கணினியில் சுட்டியின் முனைகொண்டு தொடுவதற்கென்று வரைந்த புள்ளிகள் அவை. கைப்பேசியில் நம் விரல் பட்டால் ஒரே நேரத்தில் மூன்று ஊர்கள் மறைந்துபோகின்றன. மகளும் பேரப்பிள்ளைகளும் கைப்பேசியில்தான் பார்த்திருக்கிறார்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றதில் வியப்பில்லை.

நிலையங்கள் வாசலில் அகரவரிசைப் பட்டியல். மகள் தேடியது வேளாங்கண்ணிப் படங்களை. ‘வே’ வரிசையில் அப்படி ஒன்றும் இல்லை. மணப்பாடும் இல்லை. சிறுவயதில் பெற்றோருடன் அந்த இரண்டு ஊர்களுக்கும் போய்வந்தது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா படமெடுத்ததும் நினைவிருக்கிறது. எங்கே போயின?

இதற்கு விடையைக் கணினி அறிந்த எவரும் சொல்லவில்லை. நண்பரின் மனைவி சொன்னார். நாம் அண்ணி என்று அழைக்கும் அவருக்கு இப்போது 79 வயது. “வேளாங்கண்ணிக்கு அப்போ ரயில் ஏது தம்பி? நாகப்பட்டினத்திலே இறங்கி பஸ் பிடிச்சில்ல போனோம். அவர் நாகப்பட்டினத்திலேதான் வெச்சிருப்பார்” என்றார். அப்படியே இருந்தது. நாகப்பட்டினம் நிலையத்தைத் திறந்தால், நடைமேடை, பெயர்ப்பலகை, தண்ணீர்த் தொட்டி. அவற்றுக்குப் பின் வேளாங்கண்ணிக் கோபுரங்கள், கொடி, கடற்கரைக் கூட்டம், மொட்டையடித்த தலையோடு நான்கு வயது மகள். வேளாங்கண்ணிக்கு ரயில் 2010-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முந்தைய பயணங்களுக்கு நண்பருடைய நாட்டில் வேளாங்கண்ணி என்னும் நிலையம் இல்லை. அதே முறையில் மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயம் திருச்செந்தூருக்குள் இருந்தது. தண்டவாளம் முடிந்த இடம் அதுவல்லவா?

இவ்வளவும் பிடிபட்டபின் தளம் முழுவதும் வேறு முகம் காட்டியது. நாம் அதுவரை அதை ஒழுங்கற்ற குவியல் என்றே எண்ணியிருந்தோம். உண்மையில் அது ஒரு ரயில்வேக்காரரின் மனத்திலிருந்த நாடு. அங்கே ஊர்கள் இருக்கும் இடம் வேறு. தனுஷ்கோடி அதற்கு நல்ல சான்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் அந்த நிலையம் அழிந்தது. அதன்பின் அங்கே வண்டி போகவில்லை. நண்பர் தனுஷ்கோடிக்கு ஜீப்பிலோ நடந்தோதான் போயிருக்க முடியும். இருந்தும் அந்த இடிபாடுகளை அவர் ராமேஸ்வரத்துக்குள் அடக்கவில்லை. பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று பாதையின் கடைசி நிலையமாக, இன்றும் பயணச்சீட்டு கொடுப்பதுபோல், தனியே வைத்திருக்கிறார். ஒருமுறை நிலையமாக இருந்தது அவருக்கு என்றும் நிலையம்.

பாம்பன் படங்களை இப்போது பார்க்கையில் மனம் கனக்கிறது. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022-ஆம் ஆண்டு டிசம்பரோடு வண்டிகள் நின்றன. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து, இரு கைகளைப்போல் உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும் காட்சியை அவர் பதினோரு படங்களில் பிடித்திருக்கிறார். நல்ல வேளை என்று சொல்லவேண்டும்.

அடுத்த வியப்பு, விளக்கக் குறிப்புகள். படங்களின் கீழே ஓர் எழுத்தும் இல்லை என்று குடும்பத்தார் அனைவரும் நம்பியிருந்தார்கள். ஒரு நாள் பழைய மேசைக் கணினியில் தளத்தைத் திறந்து, சுட்டியை ஒரு படத்தின்மேல் சிறிது நேரம் அசையாமல் வைத்திருந்தபோது, சிறு மஞ்சள் பெட்டி ஒன்று தோன்றியது. அதற்குள் நண்பரின் சொற்கள்! அந்நாளில் பலரும் கையாண்ட முறை அது. சுட்டி மேலே நின்றால் மட்டும் எழுத்து தெரியும். விரலால் தொடும் கைப்பேசியில் அது தோன்றுவதற்கு வழியில்லை. ஆக, மனிதர் பேசாமல் போய்விடவில்லை. பேரப்பிள்ளைகளின் கையிலேயே மௌனமாக இருந்திருக்கிறார். 640 படங்களுக்கு இப்படிக் குறிப்புகள் கிடைத்தன. பெரும்பாலும் வறண்டவை: வண்டியின் பெயர், கிழமை, எத்தனை நிமிடம் தாமதம். தாமதத்தைக் குறித்து அவர் ஒருநாளும் குறைபட்டுக்கொண்டதில்லை. பதிவு மட்டும் செய்வார்.

மீதம் இருப்பது ஏறத்தாழ 2,460 படங்கள். அவற்றுக்கு விளக்கம் சொல்லக்கூடிய ஒரே ஆள் அண்ணி. ஆகவே ஞாயிறுதோறும் மாலைத் திருப்பலி முடிந்து அவர் வீட்டுக்குப் போகிறோம். பெரிய திரையில் படம் போடுவோம், அவர் சொல்வார், நாம் எழுதுவோம். அவர் வழி கண்டுபிடிக்கும் முறை கணவருடைய முறையும் அன்று, மென்பொருளின் முறையும் அன்று. ஆண்டு கேட்டால் தெரியாது என்பார். “சோறு கட்டிக்கொண்டு போனோமா, வாங்கிச் சாப்பிட்டோமா, அதைக் கேளுங்க” என்பார். புளிச்சோறு கட்டிப்போனது மகள் பிறப்பதற்கு முன். இட்லி, மகள் பள்ளிக்குப் போன காலம். எதுவும் கட்டாமல் போனது அவருக்கு முழங்கால் வலி வந்தபின். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், எஞ்சினின் எண்ணையும் பெயர்ப்பலகையையும் வைத்துச் சரிபார்த்தால், அவருடைய புளிச்சோற்றுக் கணக்கு மென்பொருளின் நாட்கணக்கைவிடப் பல இடங்களில் சரியாக இருக்கிறது.

‘காத்திருந்த இடங்கள்’ என்னும் நான்காவது வாசலைக் கடைசியாகவே திறந்தோம். சந்திப்பு நிலையங்களில் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தபோது எடுத்தவை. ரயில் இல்லை, கோபுரம் இல்லை. விளக்குக் கம்பம், வேப்பமரம், எடை பார்க்கும் இயந்திரம், தூங்கும் நாய். ஒரு படத்தில் கல்பலகை இருக்கையின்மேல் ஒரு துணிப்பையும் குடையும் மட்டும். வேறொருவர் என்றால் அதை அழித்திருப்பார். சுட்டியை அதன்மேல் வைத்தோம். “இவள் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள்” என்று இருந்தது.

உரக்கப் படித்தோம். அண்ணி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தக் குழாயிலே தண்ணி வரலை. திரும்பி வந்து சொன்னேனே, அதை எழுதலையா?” என்று கேட்டார்.

எழுதவில்லை. இப்போது எழுதிக்கொண்டோம்.

ஒரு செய்தி நம் கவனத்தில் தைத்தது. 3,100 படங்களில் அண்ணியின் முகம் தெளிவாகத் தெரிவது ஒன்பதில்தான். பொதுவில் வைக்கும் இடத்தில் குடும்பத்துப் பெண்களின் படம் வேண்டாம் என்று அந்தத் தலைமுறையினர் நினைத்தார்கள், நண்பரும் அப்படித்தான். ஆனால் பையும் குடையும் எங்கும் இருக்கின்றன. ஓரத்தில் ஒரு சேலை முந்தானை, சன்னல் கம்பியைப் பிடித்த வளையல் கை, நடைமேடையில் விழுந்த நிழல். நாம் எண்ணத் தொடங்கினோம். முந்நூறைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

மகள் மூன்று ஆண்டுகளுக்கான கட்டணத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டார். இரண்டு வன்தகடுகளில் முழுப் பிரதியும் எடுத்து, ஒன்றைக் கோவையிலும் ஒன்றைத் திருச்சியிலும் வைத்திருக்கிறோம். இணைய ஆவணக் காப்பகத்திலும் தேடிப் பார்த்தோம். சில பக்கங்கள் அங்கே சேமிக்கப்பட்டுள்ளன. ஆனால் சிறுபடங்கள் இருக்கும் பல இடங்களில் பெரிய படங்கள் இல்லை. அதை மட்டும் நம்பியிருப்பதற்கில்லை. தனி மனிதர் அமைத்த தளங்களை வைத்திருக்கும் வாசக அன்பர்கள், கட்டணம் எந்த மாதம், கடவுச்சொல் எது என்பதையாவது வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவைப்பது நலம்.

இப்போது ஒரு சிறு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வேளாங்கண்ணிப் படங்களை வெளியே எடுத்துத் தனித் தலைப்பில் வைக்கவேண்டும் என்பது மகளின் கட்சி. தேடுகிறவர் எவரும் அங்கேதான் தேடுவார்கள் என்கிறார், மறுக்கமுடியாத வாதம். அண்ணி இசையவில்லை. “அவர் வெச்ச இடத்திலேயே இருக்கட்டும். வேளாங்கண்ணின்னு ஒரு பேரை மட்டும் போட்டு, நாகப்பட்டினத்திலே பாருங்கன்னு எழுதிடுங்க” என்கிறார். அப்படியே எழுதிவிட்டோம். மணப்பாட்டுக்கும் அவ்வாறே.

இதுவரை 412 படங்கள் முடிந்திருக்கின்றன. வரும் ஞாயிறு செங்கோட்டை–புனலூர்ப் பாதையைத் தொடங்கவேண்டும். 2010-இல் மீட்டர் கேஜ் வண்டி நின்று, 2018-இல் அகலப்பாதையாகத் திரும்பவந்த வழி அது. பதின்மூன்று கண் பாலத்தின் படங்களே இருபதுக்கு மேல் இருக்கின்றன. அந்தப் பயணத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்பதை யோசித்து வைப்பதாக அண்ணி சொல்லியிருக்கிறார்.