ஓதம் ஏறிய சுவர்

கடன் நெருக்கவே, தூத்துக்குடியில் நம் தந்தையார் விட்டுச்சென்ற வீட்டை விற்க முனைந்தோம். தென்சுவரில் ஓதமேறி உப்புப் பூத்திருந்தது. “வெள்ளையடித்துவிட்டால் தெரியாது, ஆலிம்சா” என்றார் தரகர். ‘கியாருல் ஐப்’ பாடத்தை ஆண்டுக்கணக்கில் ஓதிக்கொடுத்த நாமும் ஒரு கணம் இசைந்துவிட்டோம்!

பழுதைச் செப்பனிட்டுத் தருவது விற்பவர்மீது கடமையன்று. மறையாமல் உரைப்பதே கடமை. மறைத்தால் வாங்கியவர் வீட்டைத் திருப்பித் தரலாம். இயல்பான கவனத்தால் காணவியலாத, தாம் அறிந்த பெரும்பழுதை விற்பவர் அறிவிக்கவேண்டுமென்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 55ஆம் பிரிவில் விதிக்கிறது.

மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட செய்தி அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

மறுநாள் வாங்க வந்தவரைச் சுவரருகே அழைத்துச் சென்றோம். விரலால் சுரண்டிப் பார்த்தார். விலையில் ஐம்பதாயிரம் குறைத்தார். தரகர் இன்றளவும் நமக்கு ஸலாம் உரைப்பதில்லை.