கையில் 110 புள்ளி, ஆசை 600



போன வாரம் என் மகன் ஒரு படம் போட்டிருந்தான். கம்ப்யூட்டர் முன்னால் பேத்தி, பக்கத்தில் மூக்குக்கண்ணாடியோடு நான், திரையில் ஒரு மந்திரக்காரி நெருப்பு வீசிக்கொண்டிருக்கிறாள். அதற்குக் கீழே வந்த கேள்விகளைப் பார்த்தேன். "டீச்சர், நீங்களுமா?", "எங்களை எல்லாம் வீடியோ கேம் கடையிலிருந்து விரட்டின டீச்சரா இது?" என்று ஒரே கேலி. விரட்டியது உண்மைதான். பரீட்சைக்கு முந்தின நாள் அங்கே நின்றால் இப்போதும் விரட்டுவேன். ஆனால் இந்த ஆட்டத்தைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டியிருக்கிறது. கடைசியில் ஓர் உதவியும் கேட்கப்போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஆட்டத்தின் பெயர் டயாப்லோ 2. உங்களில் சிலர் பிரவுசிங் சென்டரில் ஆடியிருப்பீர்கள். 2000-ஆம் ஆண்டு வந்தது. அதையே படங்களைப் புதுப்பித்து 2021-ல் மறுபடி வெளியிட்டார்கள். பேத்தி ஆடுவது அந்தப் புதுசு. பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். அவள் எடுத்துக்கொண்ட பாத்திரம் சோர்சரஸ், அதாவது மந்திரக்காரி. கையில் பெரிய வாள் கிடையாது, உடம்பிலும் வலு கிடையாது. கற்ற வித்தைதான் அவளுக்கு எல்லாம்.

என்னை இழுத்தது கணக்கு. மந்திரக்காரிக்கு நெருப்பு, மின்னல், பனி என்று மூன்று கிளைகள். கிளைக்குப் பத்து வீதம் 30 வித்தைகள். ஒவ்வொன்றிலும் 20 புள்ளி வரை போடலாம். எல்லாவற்றையும் முழுதாகக் கற்க 600 புள்ளி வேண்டும். கிடைப்பது எவ்வளவு? ஒரு நிலை ஏறினால் ஒரு புள்ளி. உச்சமான 99-ஆம் நிலைக்குப் போனால் 98. வழியில் சில வேலைகளை முடித்தால் 12. மொத்தம் 110. அந்த 99-ஐத் தொடுபவர்கள் மிகக் குறைவு. ஆக, ஆட்டம் முழுக்க உயிரைக் கொடுத்து ஆடினாலும் ஆறில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கற்கலாம். மீதியை விட்டுத்தான் ஆக வேண்டும்.

பேத்தி முதலில் என்ன செய்தாள் தெரியுமா? கண்ணில் பட்ட வித்தையில் எல்லாம் ஒவ்வொரு புள்ளி போட்டாள். "எல்லாம் தெரிஞ்சா நல்லதுதானே ஆயா?" என்றாள். சுலபமான முதல் கட்டத்தை எப்படியோ தாண்டிவிட்டாள். இரண்டாம் கட்டத்தில் சின்னப் பேய்கள்கூட அவளைத் துரத்தித் துரத்தி அடித்தன. பத்து வித்தை வீசினாலும் ஒன்றும் உறைக்கவில்லை. கல்யாண வீட்டில் முப்பது பதார்த்தம் வைத்து ஒன்றிலும் உப்பு இல்லாத மாதிரி.

இந்த ஆட்டத்தில் அகாரா என்று ஓர் அம்மா உண்டு. முதல் ஊரில் இருப்பாள். அவள் சொல்லும் ஒரு குகையைச் சுத்தம் செய்து கொடுத்தால், போட்ட புள்ளிகளை எல்லாம் திரும்பக் கையில் கொடுத்து, புதிதாகப் போட்டுக்கொள் என்பாள். ஒரு கட்டத்துக்கு ஒரு தடவை, ஆக மொத்தம் மூன்று தடவை. அதற்கு மேலும் வேண்டுமென்றால், கடைசிக் கட்டத்தில் பெரிய பேய்களை வீழ்த்தி நாலு அரிய பொருள்களைச் சேர்க்க வேண்டும்.

பேத்தி அகாராவிடம் போனாள். இந்தத் தடவை எல்லாப் புள்ளியையும் நெருப்பிலேயே கொட்டினாள். ஃபயர் போல்ட், ஃபயர் பால், மீட்டியோர் மூன்றும் ஒன்றுக்கொன்று கை கொடுப்பவை. ஒன்றில் போடும் புள்ளி மற்றதையும் வலுவாக்கும். இரண்டாம் கட்டம் தூள் பறந்தது. வானத்திலிருந்து எரிகல் விழ, கூட்டம் கூட்டமாகப் பேய்கள் சாம்பலாயின. வீடு முழுக்க ஒரே கூச்சல்.

மூன்றாம் கட்டத்துக்குப் பெயர் ஹெல். அங்கே போனதும் அமைதியாகிவிட்டாள். அங்கே பல பேய்கள் ஏதாவது ஒன்றுக்கு அசையாதவை. சிலது நெருப்புக்கு அசையாது, சிலது பனிக்கு, சிலது மின்னலுக்கு. நெருப்புக்கு அசையாத பேய் முன்னால் வந்தால், இருபது புள்ளி போட்ட எரிகல்லும் அதன் தலையில் விழும் பூதான். அவள் வித்தையில் குறை ஒன்றும் இல்லை. எதிரில் நிற்பவன் மாறிவிட்டான், அவ்வளவுதான்.

பிள்ளைகளே, அதைப் பார்த்தபோது எனக்கு நம் ஊர்தான் கண்ணில் வந்தது.

பேசின் பிரிட்ஜ் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு, சென்ட்ரல் வந்துவிட்டது என்று பெட்டியை இறக்கி வைத்த பிறகு ரயில் அரைமணி நிற்குமே, அந்த இடம். நமக்கு அது வேலை. லோகோ ஷெட், பெட்டி கழுவும் யார்டு, மின் நிலையம், கொஞ்சம் நடந்தால் பி அண்ட் சி மில், இந்தப் பக்கம் துறைமுகம். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த உங்களில் முக்கால்வாசிப் பேரின் அப்பாக்கள் இவற்றில் ஏதோ ஒன்றில்தான் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வித்தை. அதில் இருபதுக்கு இருபது புள்ளி.

1983-ல் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை தூக்கி அடுக்குவதில் கைதேர்ந்த கூட்டம் ஒன்று இருந்தது. எந்த மூட்டையை எங்கே வைத்தால் கப்பல் ஆடினாலும் சரியாது என்று கண்ணாலேயே கணக்குப் போடுவார்கள். இரும்புப் பெட்டிக்கு அந்தக் கணக்குத் தேவைப்படவில்லை. 1995-ல் அகலப்பாதையில் நீராவி எஞ்சின் ஓட்டம் முடிந்தது. பாய்லர் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லும் கைகள் சும்மா நின்றன. 1996-ல் பி அண்ட் சி மில் மூடியது. 2011 அக்டோபரிலிருந்து, உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி, நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னைத் துறைமுகத்தைவிட்டுப் போயின. ராயபுரத்துக்காரர்களின் மூச்சுக்கு அது நல்லது, நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தக் கரியை நம்பி அடுப்பெரித்த வீடுகளும் அதே ராயபுரத்தில்தான் இருந்தன.

ஒரு மாணவனின் அப்பாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தறிக்காரர். புடவை முந்தானையை விரலால் தடவிப் பார்த்து, இழை எத்தனை என்று சொல்லிவிடுவார். மில் மூடிய வருஷம் மகனின் டி.சி. வாங்க வந்தார். "எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான் டீச்சர். நாப்பத்தஞ்சு வயசுல இன்னொண்ண எங்க போயி கத்துக்கறது?" என்றார். அவர் புள்ளிகளைத் தப்பாகப் போட்டவர் அல்ல. அவருக்கு ஓர் அகாரா கிடைக்கவில்லை.

என் சொந்த அண்ணன் கதை வேறு. அவரும் பாய்லர்காரர்தான். ஆனால் சின்ன வயதிலேயே ராத்திரி நேரத்தில் ஒரு பட்டறையில் போய் கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டார். "எதுக்குண்ணா இது?" என்றால், "சும்மா, கை பழகட்டும்" என்பார். நீராவி போனபோது அந்த "சும்மா"தான் சோறு போட்டது. அவர் பாய்லரில் இருபது புள்ளிக்காரர், வெல்டிங்கில் பத்தோ பன்னிரண்டோதான். அது போதுமாக இருந்தது.

பேத்தியும் அதையேதான் கண்டுபிடித்தாள், அண்ணன் கதை தெரியாமலே. இரண்டாம் தடவை அகாராவிடம் போய் வந்து, ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டாள். பனிக் கிளையில் ஃப்ரோசன் ஆர்ப் என்று ஒரு வித்தை. சுழன்று போகும் பனி உருண்டை. அதற்குப் பக்க வித்தைகளின் உதவி அதிகம் வேண்டியதில்லை. தனக்குள் இருபது போட்டு, கோல்ட் மாஸ்டரியில் சில புள்ளி வைத்தால் ஓரளவு நிற்கும். மிச்சப் புள்ளிகளை நெருப்புக்கே கொடுக்கலாம். ஆக, நெருப்பு ஆழமாக, பனி போதுமான அளவுக்கு. நெருப்புக்கு அசையாதவனுக்குப் பனி, பனிக்கு அசையாதவனுக்கு நெருப்பு. இரண்டுக்குமே அசையாதவன் வந்தால், கூலிக்கு அமர்த்திய ஈட்டிக்காரன் பக்கத்தில் நிற்கிறான். அவன் ஈட்டிக்குப் பெரும்பாலும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. தனியாக எதையும் கடக்க முடியாது என்பதை ஆட்டம் செய்தவர்களும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒற்றைப் புள்ளி வித்தைகள். எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். ஒன்று ஸ்டாடிக் ஃபீல்ட். ஒரு தடவை வீசினால் சுற்றியுள்ள பேய்களுக்கு மிச்சமிருக்கும் உயிரில் கால் பங்கு போகும். நூறு 75 ஆகும், 75 ஐம்பத்தாறேகால் ஆகும். பெருக்குத் தொடர், ஞாபகம் இருக்கிறதா? எத்தனை தடவை வீசினாலும் பூஜ்யம் வராது. ஹெல் கட்டத்தில் பாதிக்குக் கீழே இறங்கவும் விடமாட்டார்கள். அதனால் அது யாரையும் கொல்லாது, பெரிய வேலையைப் பாதியாக்கிக் கொடுக்கும். மேலும் புள்ளி போட்டால் வீசும் தூரம்தான் கூடும், கால் பங்கு கால் பங்காகவே இருக்கும். எனவே ஒரு புள்ளி போதும்.

இன்னொன்று டெலிபோர்ட். நினைத்த இடத்துக்குத் தாவிவிடலாம். பேத்தி முதலில் அதை வைத்து ஓட்டப்பந்தயம் காட்டினாள். தாவின இடத்தில் பேய்க்கூட்டம், அதற்குள் மந்திரம் வீசும் சக்தியான மானாவும் தீர்ந்திருக்கும். இப்போது நிதானம் வந்துவிட்டது. தாவுவதற்கு வேண்டிய மானாவை எப்போதும் மிச்சம் வைக்கிறாள். மானா சீக்கிரம் ஊற, வார்ம்த் என்ற வித்தையிலும் ஒரு புள்ளி. அவசரத்துக்கு எடுத்து வைக்கும் பணம் மாதிரி. எந்த விரலுக்கு எந்த வித்தை என்று விசைகளை வைத்துப் பழகியும் விட்டாள். பனி உருண்டையை வீசினால் உடனே அடுத்ததை வீச முடியாது, சிறு இடைவெளி வேண்டும். அந்த நேரத்தில் சும்மா நிற்காமல் இரண்டு ஃபயர் பால். கற்றால் மட்டும் போதாது, கற்றதை எந்த வரிசையில் எடுப்பது என்பதும் வித்தைதான்.

இதில் ஒரு வரலாறும் இருக்கிறது. 2000-ல் ஆட்டம் வந்தபோது அகாராவிடம் இந்த வசதியே கிடையாது. போட்ட புள்ளி போட்டதுதான். தப்பினால் பாத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆட வேண்டும். பத்து வருஷம் கழித்து, 2010-ல்தான் மாற்றிக்கொள்ளும் வழியைச் சேர்த்தார்கள். 2012-ல் வந்த டயாப்லோ 3-ல் இன்னும் தாராளம், எப்போது வேண்டுமானாலும் வித்தையை மாற்றலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஆறுதான் கையில். விளையாட்டுச் செய்பவர்களுக்கே, மனுஷனுக்கு இன்னொரு வாய்ப்புத் தேவை என்று புரியப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது உதவிக்கு வருகிறேன்.

பேத்திக்கு இன்னும் சில நாளில் பொறியியல் கலந்தாய்வு. விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்தி உறுதி செய்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. அவள் அப்பா, "கம்ப்யூட்டர் சயின்ஸ் போடு, எல்லாரும் அதுதான் போடறாங்க" என்கிறான். அவளுக்கு மெக்கானிக்கல் ஆசை. சின்ன வயசிலிருந்து மொட்டை மாடியில் நின்று யார்டில் எஞ்சின் இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவள். வீட்டில் இரண்டு நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு இல்லை.

நான் இருவரிடமும் சொன்னது இதுதான். எந்தக் கிளையில் உன் புள்ளி தானாகப் போய் விழுகிறதோ, அங்கே ஆழமாகப் போ. கூடவே வேறு கிளையில் ஒன்றைப் போதுமான அளவுக்குக் கற்றுக்கொள். மெக்கானிக்கல் என்றால் கூடவே புரோகிராமிங். கம்ப்யூட்டர் என்றால் கூடவே கையால் ஒரு வேலை. பேத்தி சிரித்துக்கொண்டே, "அப்போ இந்த ஆட்டத்துல அகாரா யாரு ஆயா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்களில் பாதி வழியில் தொழில் மாற்றியவர்கள் பலர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மெக்கானிக்கல் படித்து மென்பொருளுக்குப் போனவன், நர்ஸிங் விட்டுக் கடை வைத்தவள், வளைகுடாவில் கிரேன் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து ஐ.டி.ஐ.யில் பாடம் எடுப்பவன். நாற்பது வயதில் எதை, எங்கே, எவ்வளவு நாளில் கற்றீர்கள்? அந்த நேரத்தில் வீட்டுச் செலவை யார் பார்த்தார்கள்? யார் கதவைத் திறந்துவிட்டார்கள்? கீழே எழுதுங்கள். என் பேத்திக்கு மட்டும் இல்லை, நம் தெருவில் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எல்லாருக்கும் அவளை விட்டுப் படித்துக் காட்டச் சொல்கிறேன்.

இன்னொன்று. உங்களில் இன்று ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், வேறு வேலை பார்த்துவிட்டு வரும் நாற்பத்தைந்து வயதுக்காரர் விண்ணப்பித்தால், வயதைப் பார்த்ததும் தாளைப் புரட்டிவிடாதீர்கள். ஐந்து நிமிஷம் பேசிப் பாருங்கள். அந்தத் தறிக்காரர் கேட்டது அதைத்தான்.

எழுத்துப்பிழை இருந்தால் மன்னியுங்கள், போனில் தட்டியது. கணக்குப்பிழை இருக்காது, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன்.

எல்லாரும் நல்லா இருங்க.

உங்கள் டீச்சர்