மூக்குக்கண்ணாடி கற்பித்த பாடம்

சென்ற தவணையில் ஒருநாள் நாம் புதிய மூக்குக்கண்ணாடி அணிந்து வகுப்புக்குச் சென்றோம். முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, "சேர், உங்கள் கண்ணாடியிலே ஊதா நிறம் தெரிகிறதே, அது ஏன்?" என்று கேட்டாள். அவ்வினா எம்மை ஒரு பழைய தவற்றின்முன் கொண்டுபோய் நிறுத்துமென நாம் அப்போது எண்ணவில்லை.

வெறுங் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்களவைத் திருப்பி அனுப்பிவிடும். இதைத் தடுக்க, ஒளியலையின் நீளத்திற் காற்பங்கு தடிப்புள்ள ஒரு படலத்தைப் பூசுகிறார்கள். படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் தெறிக்கும் அலைகள் ஒன்றின் முடி மற்றதன் தாழியோடு சேர, ஒன்றையொன்று அழிக்கின்றன. பச்சை ஒளிக்கு அளந்து பூசினால் பச்சை அழியும். எஞ்சிய சிவப்பும் நீலமும் ஊதாவாகத் தோன்றும்.

இவ்வித்தையை உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் கதரின் புளொட்ஜெற் என்னும் அமெரிக்கப் பெண்மணி. கல்லூரி மாணவியாக இருந்தபோது அவர் ஸ்கெனெக்டடி நகரிலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தைப் பார்க்கச் சென்றார். சுற்றிக்காட்டிய இர்விங் லாங்மியூர், மேலும் படிக்குமாறு அவருக்கு அறிவுரை கூறினார். சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம் பெற்று, 1918 இல் அதே ஆய்வுகூடத்தில் அவர் பணியில் அமர்ந்தார். கதை அத்துடன் முடியவில்லை. ஆறாண்டு வேலை செய்த அவரை லாங்மியூர் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிவைக்க முயன்று வெற்றி கண்டார். அங்கே இரதர்போர்டின் ஆய்வுகூடத்திற் பயின்று, 1926 இல் பௌதிகத்தில் அப்பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண்ணாகத் தம் தொழிற்கூடத்துக்கே திரும்பினார்.

நீரின்மேற் பரந்த கொழுப்பமிலப் படலம் ஒரே மூலக்கூற்றின் தடிப்புடையது. அதனூடே கண்ணாடித் தகட்டை இறக்கி ஏற்றினால் படலம் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். இவ்வாறு பேரியம் சேர்ந்த சவர்க்காரப் படலங்களை 44 அடுக்காக ஏற்றி, 1938 இல் அவர் ஒளி தெறியாத கண்ணாடியைச் செய்துகாட்டினார். அத்தனை அடுக்கும் சேர்ந்து ஒரு மில்லிமீற்றரின் பதினாயிரத்திலொரு பங்களவே! ஆனால் அப்பூச்சு துடைத்தால் அழிந்துவிடும். ஏறத்தாழ அதே காலத்தில் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் கார்ட்றைற், ரேணர் என்னும் இருவர் வெற்றிடத்தில் புளோரைட்டு உப்புக்களை ஆவியாக்கிப் படியவைத்து, உறுதி கூடிய பூச்சைக் கண்டனர். தொழிற்கூடமும் கல்விக்கூடமும் ஒரே கேள்வியை இரு பக்கமுமிருந்து பற்றியிருந்தன.

இதை வகுப்பில் விளக்கிக்கொண்டிருக்கையில் எமது குரல் சற்றே தளர்ந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், எம்மிடம் படித்துப் பட்டதாரியான இளைஞன் ஒருவன் ஒரு பெயின்ற் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்துவந்தான். ஒரு மாலை எம் வீடு தேடி வந்தான். கடற்கரை வீடுகளின் தகரக் கூரையிற் பூசிய பெயின்ற் ஏன் விரைவில் உரிகிறது என்ற கேள்வி தன்னை உறங்கவிடவில்லை என்றும், அதையே பொருளாக வைத்துப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புச் செய்ய விரும்புவதாகவும் சொன்னான்.

நாமோ, "தம்பி, தகரத்துக்குப் பெயின்ற் பூசுவதெல்லாம் ஆராய்ச்சியாகுமா? கிடைத்த உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொள்" என்றோம். "சரி சேர்" என்று சொல்லி, தேநீரை அருந்திவிட்டுப் போனான். அந்நாளில் எமக்குப் பல்கலைக்கழகம் ஒரு கரை, தொழிற்சாலை மறு கரை. இடையே பாலம் உண்டென்பதை நாம் அறியவில்லை. அறியாதவர் மௌனமாக இருந்திருக்கலாம். ஆசிரியரின் சொல்லுக்கு எவ்வளவு பாரம் உண்டென்பதை நாம் நினைத்துப் பார்க்கவில்லை.

மணி அடித்தது. அம்மாணவி மட்டும் தயங்கி நின்றாள். "சேர், வீட்டு நிலைமைக்கு நான் வேலைக்குத்தான் போகவேண்டி வரும். பிறகும் படிக்க முடியுமா?"

"முடியும் பிள்ளை. வேலைக்குப் போகும்போது கேள்வியையும் கூடவே கொண்டுபோ" என்றோம்.

அன்றிரவு பழைய குறிப்பேடுகளைப் புரட்டி அவ்விளைஞனின் முகவரியைக் கண்டெடுத்தோம். தகரக் கூரையைப் பற்றி இன்னும் நினைப்பதுண்டா என்று கேட்டும், அன்று சொன்னது தவறென ஒப்புக்கொண்டும் கடிதம் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. தபாற்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் படலைவரை போய்ப் பார்க்கிறோம்.