கிளட்ச் அடியில் ஒரு சின்ன சுவிட்ச்

ஆவணி கடைசி. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சம்பாவுக்குச் சேறடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. நாற்றங்காலில் சி.ஆர். 1009 நாற்றுக்கு 35 நாள் ஆகிவிட்டது. இன்னும் தள்ளிப்போனால் நாற்று முற்றித் தூர் குறையும். நடவு ஆட்களுக்கு மறுநாளைக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து டிராக்டர் கத்தியது.

செல்ஃப் அடித்தால் வழக்கமாக வரும் சத்தம் இல்லை. கல்லில் இரும்பைப் போட்டுத் தேய்த்தது போல 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். இன்ஜின் சுற்றவில்லை. கையை எடுத்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடி அதே சத்தம். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

நான்கு ஏக்கர்காரர் அவர். டிராக்டர் பழையது, மூன்று சிலிண்டர். இரண்டாம் கையாக வாங்கி எட்டு வருடம் ஆகிறது. சொந்த நிலத்துக்கு உழுதது போக, அக்கம்பக்கத்துக்கு ஓட்டிக் கொடுக்கிற வாடகையில்தான் மகளின் படிப்புச் செலவு ஓடுகிறது. அன்றைக்கும் சொந்த வேலை முடிந்ததும் இரண்டு பேர் வயலுக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

சத்தம் அன்றுதான் வந்தது. ஆனால் கோளாறு ஆரம்பித்தது போன வருடம். அவருடைய வண்டியில் கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். கிளட்ச் பெடலுக்கு அடியில் அதற்கென்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. கியரில் வண்டி கிடக்கும்போது யாராவது சாவியைத் திருப்பினால் வண்டி பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. போன வருடச் சேற்றடிப்பில் அந்தச் சுவிட்சுக்குள் சேறு போய்த் துருப்பிடித்துவிட்டது. சாவியைத் திருப்பினால் சத்தமே வராது.

பக்கத்து ஊர் டிரைவர் ஒருவர் வழி சொல்லிக் கொடுத்தார். கீழே நின்றுகொண்டு, செல்ஃப் மோட்டார் மேல் இருக்கும் சொலினாய்டின் பெரிய போல்ட்டையும் பக்கத்தில் இருக்கும் சின்ன டெர்மினலையும் ஸ்க்ரூடிரைவரால் தொட்டால் போதும். பொறி பறக்கும், வண்டி எடுக்கும். சுவிட்ச் மாற்றும் வேலையை அறுவடைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அறுவடையும் முடிந்தது, கோடையும் போனது. ஸ்க்ரூடிரைவர் டூல் பாக்ஸிலிருந்து சீட்டுக்கு அடியில் நிரந்தரமாகக் குடியேறியது.

சத்தம் வந்த மறுநாள் காலை. நடவு ஆட்கள் வந்துவிட்டார்கள். கடைசி மா நிலத்துக்குப் பலகை ஓட்ட வேண்டும். வண்டி களத்தில் நின்றது. முந்தின நாள் இரவு வண்டியை நகர்த்தி வைத்தது அவருடைய தம்பி மகன். களம் சரிவு என்பதால் முதல் கியரில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அது இவருக்குத் தெரியாது. பெரிய பின் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு ஸ்க்ரூடிரைவரை வைத்தார். 'கர்ர்ர்.' மறுபடி வைத்தார். 'கர்ர்ர்.' மகள் சற்றுத் தள்ளி வரப்பில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தாள்.

மூன்றாவது தடவை பல் பிடித்தது. இன்ஜின் எடுத்ததும் வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பியது. பின் டயரின் பட்டை அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது. வேட்டி கிழிந்ததால்தான் அவர் வெளிப்பக்கமாக விழுந்தார். கிழியாமல் இருந்திருந்தால் சக்கரத்துக்கு அடியில் போயிருப்பார். கழன்று கிடந்த செருப்பு ஒன்றின் மேல் சக்கரம் ஏறிப் போனது. வண்டி நேராகப் போய் வைக்கோல் போரில் முட்டி உறுமியது. மகள் ஓடிப்போய்ப் பக்கவாட்டிலிருந்து ஏறி ஸ்டாப் நாபை இழுத்தாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

மகள் பதில் சொல்லவில்லை. தட்டையாகப் போன செருப்பை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று பலகை ஓட்டியது பக்கத்து வீட்டுக்காரரின் மாடு. நடவு இரண்டு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். மாலையில் மெக்கானிக்குக்கு ஆள் போனது.

வந்தவர் வயதானவர். முதலில் பேட்டரியைப் பார்த்தார். "சார்ஜ் இல்லன்னா இப்படி அரைக்காதுண்ணே, டக் டக்னு தட்டும்" என்றார். மீட்டரில் 12.5 காட்டியது. டெர்மினல்களைக் கழற்றிச் சுரண்டி மாட்டினார். எர்த் ஒயர் சேஸில் இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். பேட்டரியில் குறை இல்லை.

அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கையால் பிடித்து அசைத்தார். அசைந்தது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று பாதி கழன்றிருந்தது. போல்ட் தளர்ந்தால் மோட்டார் சாயும். அதன் பல் பிளைவீல் ரிங் கியரில் நேராக உட்காராமல் ஓரத்தில் மட்டும் கடிக்கும். ஆனால் அது மட்டும் காரணமில்லை என்றார்.

பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரை வெளியே எடுத்தார். முனையில் இருந்த சின்னப் பல் சக்கரத்தின் ஓரமெல்லாம் மழுங்கிப் பிசிறு அடித்திருந்தது. பிறகு மோட்டார் இருந்த ஓட்டை வழியாக ரிங் கியரைப் பார்த்தார். ஸ்டாப் நாபை வெளியே இழுத்து வைத்து, டாப் கியரில் போட்டு, நான்கு பேரை விட்டு வண்டியை மெதுவாகத் தள்ளச் சொன்னார். வண்டி ஒரு சாண் நகர்வதற்குள் பிளைவீல் ஏறக்குறைய ஒரு சுற்றுச் சுற்றிவிடும். மகள் டார்ச் அடிக்க, மழுங்கின இடத்திலெல்லாம் அவர் சாக்பீஸால் கோடு போட்டார். முழுச் சுற்றில் மூன்று இடம். மற்ற இடங்களில் பல் நன்றாகவே இருந்தது.

"அதென்ன மூணு இடத்துல மட்டும்?" என்று மகள் கேட்டாள்.

"மூணு சிலிண்டர்ல்ல பாப்பா. ஆஃப் பண்ணும்போது எந்தச் சிலிண்டர் காத்த அமுக்க ஆரம்பிக்குதோ, அங்கதான் இன்ஜின் மூச்சு முட்டி நிக்கும். அதனால எப்பவும் மூணு இடத்துல ஒண்ணுலதான் நிக்கும். செல்ஃப் பல்லும் திரும்பத் திரும்ப அங்கயேதான் கடிக்கும். நாலு சிலிண்டர் வண்டியா இருந்தா ரெண்டு இடம் தேஞ்சிருக்கும்."

அதனால்தான் முதல் இரண்டு தடவை அரைத்துவிட்டு மூன்றாவது தடவை பிடித்திருக்கிறது. அரைக்கிற அரைப்பில் ரிங் கொஞ்சம் நகர்ந்து நல்ல பல் வந்திருக்கும்.

பிறகு மெக்கானிக் அவரைப் பார்த்துக் கேட்டார். "ஸ்க்ரூடிரைவர் வச்சுத்தானே ஸ்டார்ட் பண்றீங்க?"

மறைக்க முடியவில்லை. சொலினாய்டு டெர்மினலில் பொறி பட்டுப் பட்டுக் கருத்துப் போயிருந்தது. சாவியில் அடித்தால் கரன்ட் ஒரே சீராகப் போய்ப் பல் முழுசாக உள்ளே போகும். கையால் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் முனை துள்ளும். துள்ளும்போதெல்லாம் பல் உள்ளே போவதும் வெளியே வருவதுமாகக் கடிக்கும். ஒரு வருடம் அப்படிக் கடித்ததுதான் மூன்று இடத்துக் காயம்.

ரிங் கியர் மாற்ற வேண்டுமானால் வண்டியை இரண்டாகப் பிளக்க வேண்டும். சீசனில் அது ஆகாது. "செல்ஃபுக்கு இப்ப புதுப் பல்லு போடாதீங்க. தேஞ்ச ரிங் அதையும் தின்னுடும். தை அறுப்பு முடிஞ்சதும் ரெண்டையும் சேர்த்து மாத்திடலாம்" என்றார். அதுவரைக்கும் பழைய பல்லின் பிசிறை அரத்தால் ராவி, மோட்டாரை நேராக உட்கார வைத்து, எல்லா போல்ட்டையும் இறுக்கிக் கொடுத்தார். அரைக்கிற சத்தம் கேட்டால் உடனே கையை எடுத்துவிட வேண்டும், திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது. எல்லாம் சுற்றி நின்ற பிறகு, டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பிறகு சாவியைத் திருப்ப வேண்டும். இதையும் சொல்லிவிட்டு, பையிலிருந்து கிளட்ச் சுவிட்சை எடுத்து மாட்டினார். அன்றைய மொத்தச் செலவில் மிகக் குறைவான விலை அந்தச் சுவிட்சுக்குத்தான்.

தையில் வண்டியைப் பிளந்தபோது மூன்று காயத்தையும் வெளிச்சத்தில் பார்க்க முடிந்தது. பல் குறைவாகத் தேய்ந்திருந்தால் ரிங்கைச் சூடேற்றிக் கழற்றி, கொஞ்சம் திருப்பி மாட்டி, நல்ல பல்லை அந்த இடங்களுக்குக் கொண்டுவந்திருக்கலாம். இது அதைத் தாண்டிவிட்டது. புது ரிங்கைச் சூடாக்கி, விரிந்த நேரத்தில் பிளைவீலில் இறக்கினார்கள். ஆறியதும் அது கவ்விக்கொண்டது. இரண்டு மூட்டை நெல் விற்ற பணம் அதற்குப் போனது.

அன்று இரவு சாப்பிடும்போது மனைவிக்கு அவரே சொன்னார். கிழிந்த வேட்டி, நசுங்கின செருப்பு, வைக்கோல் போர் என்று எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து மாதமாக இருவரும் சுமந்திருந்தது அப்போதுதான் இறங்கியது.

இப்போது அந்த வண்டியில் சீட்டுக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர் இல்லை. வண்டியை யார் எடுத்தாலும், நியூட்ரலில் இருக்கிறதா என்று கியரை ஆட்டிப் பார்த்து, சீட்டில் உட்கார்ந்து, கிளட்சை மிதித்துத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். தம்பி மகனுக்கும் அதே சட்டம்தான். ஒவ்வொரு சேற்றடிப்பு முடிந்ததும் கிளட்ச் அடியில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்சைத் துடைத்து வைப்பது மகளின் வேலை. அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டது.